எருமை நக்கிய வேன்

போன வாரம் ஆற்காட்டில் மெக்கானிக் தம்பி என் குட்டி யானை லோடு வண்டியின் என்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "பிரிச்சாதான்மா ஆவும். பெரிய வேல. இல்லன்னா இத குடுத்துட்டு வேற பாரு" என்றான்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த வண்டியில்தான் என் பிழைப்பு. ஆம்பூர் கம்பெனிகள் கழித்துப் போடுகிற செருப்பையும் ஷூவையும் மூட்டையாக எடுத்துக்கொண்டு கலவை, ஆற்காடு என்று சந்தை சந்தையாகப் போய் விற்கிறேன். ஒரே ஊரில் சேர்ந்தாற்போல் நாலு நாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். வண்டி இல்லாமல் என்னால் முடியாது.

பழைய வண்டிக்குப் பெரிய செலவு செய்யலாமா, கூடாதா? இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது பத்து வயசில், எங்கள் வீட்டு வாசலில். நம்ம வயசு ஆட்களுக்கு அது புரியும் என்று நினைத்து எழுதுகிறேன். தள்ளி ஸ்டார்ட் பண்ணி ஓடிப்போய் ஏறிய வண்டிகளில் வளர்ந்தவர்கள்தானே நாம்.

அப்பாவிடம் ஒரு வேன் இருந்தது. முதலில் அது ஒரு தோல் மண்டிக்காரருடையது, அப்பா அதில் டிரைவர். ஊர் ஊராகப் போய் உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றி வந்து ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் இறக்குவார். மண்டிக்காரர் லாரி வாங்கியபோது வேனை அப்பா தலையில் கட்டிவிட்டார். அப்பா அதற்கு நீலப் பெயின்ட் அடித்து, சீட்டு போட்டு, எங்கள் ஊரிலிருந்தும் வழியில் இருந்த இரண்டு ஊர்களிலிருந்தும் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களை ஏற்றி ஓட்ட ஆரம்பித்தார். பதினாலு பேர். அப்பா முதலாளி ஆனது அப்படித்தான்.

அந்த வேனில் என்ஜின் முன்சீட்டுகளுக்கு நடுவில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். பெண்கள் ஏறியதும் டிபன் பாக்ஸ்களை அந்தப் பெட்டிமேல் அடுக்குவார்கள். கம்பெனி போய்ச் சேரும்போது சோறு சூடாக இருக்கும். டீசல் வாசனையும் புளிக்குழம்பு வாசனையும் சேர்ந்து வரும். அதோடு மூன்றாவதாக ஒரு வாசனையும் வந்தது. அதுதான் தகராறு.

எத்தனை பெயின்ட் அடித்தாலும் பச்சைத் தோல் நாற்றம் போகவில்லை. அப்பா சோப்புத் தண்ணீர் ஊற்றினார், சாணம் கரைத்து ஊற்றினார், ஊதுவத்தி கொளுத்தினார்.

"டிரைவரண்ணா, கம்பெனில நாறுறது பத்தாதுன்னு வழியிலயும் நாறணுமா?" என்று ஒருநாள் செக்கிங் அக்கா கேட்டார். தைத்து முடித்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. வேலை முடிந்த பிறகும் அதையே செய்வார். "பாவாடை, புடவ, தலமுடி எல்லாம் மாட்டு நாத்தம். எங்க வூட்டுக்காரரு தள்ளிப் படுக்குறாரு."

"அதுக்கு என் வண்டிதான் காரணமா?" என்றார் அப்பா. வேன் முழுக்கச் சிரிப்பு.

ஆனால் வழி கண்டுபிடித்ததும் செக்கிங் அக்காதான். கம்பெனியில் வெட்டிக் கழித்த தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மெஷினில் ஒட்டுத் தைத்தார்கள். பழுப்பு, கறுப்பு, கத்திரிப்பூ நிறம், ஒரு மூலையில் மட்டும் எங்கிருந்தோ வந்த வெள்ளை. ஆயுத பூஜைக்கு முன்னால் வேன் தரை அளவுக்கு ஒரு தோல் விரிப்பு தயாராகிவிட்டது. ஷூ ஒட்டுகிற பசையைத் தகரத்தில் தடவி அதை ஓரம் வரைக்கும் அழுத்தி ஒட்டினார்கள். பேஸ்டிங் அக்கா முட்டி போட்டு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே போனார். பசை ஒட்டுகிற டேபிளில் வேலை பார்த்ததால் அவருக்கு அந்தப் பேர். எங்கள் வேனிலேயே சின்னவர், கல்யாணம் ஆகி ஒரு வருஷம்.

"மனுசன் கால காப்பாத்துற தோலு, வண்டித் தரையக் காப்பாத்தாதா?" என்றார் செக்கிங் அக்கா. எல்லாரும் ஆமாம் என்றார்கள். தோலிலேயே பிறந்து தோலிலேயே சாப்பிடுகிறவர்கள். தோலால் ஒரு கெடுதல் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா அன்றிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறினார். வெள்ளிக்கிழமை தோறும் நாலு குடம் தண்ணீர் ஊற்றி விரிப்பைக் கழுவித் துடைத்துப் பளபளக்க வைப்பார். நானும் கூட நின்று தேய்த்திருக்கிறேன்.

அந்த நாட்களில் ஒரு வேடிக்கை நடக்கும். சாயந்திரம் வேனை வாசலில் நிறுத்தினால் பக்கத்து வீட்டு எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு வந்துவிடும். சக்கரத்துக்கு மேலே தலையை நுழைத்து அடித்தகரத்தை நக்கும். சரக், சரக் என்று அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அடித்து விரட்டினாலும் திரும்பி வரும்.

"என் பெயின்ட்டு அப்பிடி. மாட்டுக்கே ஆச வருது" என்பார் அப்பா பெருமையாக. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தோல் ஏற்றுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆன வண்டியில் எருமைக்கு இன்னும் என்ன கிடைக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

என் பள்ளிக்கூடம் ஆம்பூர் போகிற வழியில் இருந்தது. நானும் அதே வேனில்தான் போவேன். சீட்டு எல்லாம் காசு கொடுக்கிறவர்களுக்கு, எனக்கு இடம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில். முதுகுக்கு அப்பாவின் சீட்டு, தலைக்குப் பக்கத்தில் பேஸ்டிங் அக்காவின் முழங்கால். அவர் புடவையில் பசை வாசனை அடிக்கும். தினமும் எனக்கு ஒரு கம்மர்கட் மிட்டாய் தருவார்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், அந்த வெள்ளைத் துண்டு இருந்த மூலை பசை விட்டுத் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். விரலை விட்டு மடித்தேன். கீழே தகரம் இருக்கவேண்டிய இடத்தில் நாலணா அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குக் கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

எப்படிச் சொல்வது. ஜன்னலில் பார்த்தால் மரமும் வீடும் மெதுவாகத்தான் போகும். அந்த ஓட்டையில் ரோடு ஆறு மாதிரி ஓடியது. ஏரிக்கரை வரைக்கும் சிவப்பு. அப்புறம் சரளை, பல் கடிக்கிற மாதிரி. ஹைவேயில் ஏறியதும் வழவழவென்று கறுப்பு, நடுவில் சட்டென்று ஒரு வெள்ளைக் கோடு. பாலாற்றுப் பாலத்தில் இரும்பு இணைப்புகள் டக் டக் என்று வெட்டிக்கொண்டு போகும். கண்ணை மூடிக்கொண்டு இருந்து, திறந்து, நிறத்தை வைத்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவேன். நான் பிற்பாடு வீட்டில் தங்காமல் திரிந்ததற்கு என் அம்மா ஆயிரம் காரணம் சொல்லுவாள். எனக்குத் தெரிந்த காரணம் அந்த ஓட்டைதான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடைத்துவிடுவார்கள். பேஸ்டிங் அக்காவின் எவர்சில்வர் ஸ்பூன் கைதவறி விழுந்து, உருண்டு, அந்த மூலைக்குள் போய் மறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். வேன் முழுக்கத் தேடினார்கள். நானும் சேர்ந்து தேடினேன். மாசியில் ஓட்டை பூரி அளவுக்கு வந்துவிட்டது.

அதே சமயத்தில்தான் என்ஜின் படுத்தது. காலையில் ஸ்டார்ட் ஆகாது. பெண்கள் இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளுவார்கள். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் ஊரே மறைகிற அளவுக்குப் புகை. கம்பெனியில் சங்கு ஊதினால் கேட்டை மூடிவிடுவார்கள். வெளியே நின்றால் அரை நாள் சம்பளம் போச்சு. ஒரே மாதத்தில் மூன்று தடவை வெளியே நின்றார்கள்.

"அண்ணா, உம்மேல கோவம் இல்ல" என்றார் செக்கிங் அக்கா. "ஆனா இன்னொரு வாட்டி நின்னா எங்க பேரயே எடுத்துடுவாங்க. சரி பண்ணு, இல்ல நாங்க வேற வழி பாக்குறோம்."

அப்பா ஆம்பூரில் இருந்த மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தார். இருவரும் பழைய சிநேகிதர்கள். பாய் என்ஜின் பெட்டியைத் திறந்து, வாயில் பீடியோடு அரை மணி நேரம் பார்த்தார்.

"தோஸ்த், பிஸ்டன் போச்சி. என்ஜினப் பிரிச்சி போர் போடணும். செலவு ஜாஸ்திதான். ஆனா போட்டா புதுசு மாதிரி ஓடும்."

எங்களிடம் விற்பதற்கு இருந்தது ஒன்றுதான், வீட்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த ஒரு லோடு செங்கல். அம்மா மூன்று வருஷம் ஆடு வளர்த்து விற்றுச் சேர்த்தது. எங்கள் வீட்டுக்கு ஒரே அறை. மழை வந்தால் அதுவும் பாதி. ஜன்னல் வைத்து இன்னொரு அறை கட்டுவதற்காக அந்தச் செங்கல்.

"கல்லு இப்ப போனா இன்னா, வண்டி ஓடுனா மறுபடி வாங்கிக்கலாம்" என்றார் அப்பா.

"வண்டி ஓடி வாங்குன கல்லா இது? ஆடு மேஞ்சி வாங்குனது" என்றாள் அம்மா. "என்ஜினு போட்டப்புறம் அடுத்து இன்னா போவும்?"

"ஒண்ணும் போவாது. பாயே சொல்லிட்டாரு."

"பாய் என்ஜினப் பாத்தாரு. வண்டியப் பாத்தாராயா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். "சொல்லுடி. ஜன்னல் வெச்ச ரூம்பு வேணும்னு அழுதவ நீதான."

எனக்கு ஜன்னல் வேண்டும்தான். ஆனால் வண்டியை விற்றுவிட்டால் ஓட்டையும் போய்விடும். என்ஜின் என்பது முன்னால் இருப்பது. அதைப் பிரித்து மாட்டினால் என் மூலைக்கு ஒன்றும் ஆகாது. இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

"அப்பா சொல்றதுதான் சரி" என்றேன்.

அம்மா உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை செங்கல்லை எடுத்துப் போக டிராக்டர் வரும் என்று முடிவானது.

சனிக்கிழமை வேனில் போகும்போது என் தலைக்கு மேலே பேஸ்டிங் அக்கா சிரித்தார். அவருக்கு அப்போது ஏழாவது மாசம். "இன்னாக்கா, என் சீட்டு ஊஞ்சல் மாதிரி ஆடுது. பேறுகாலத்துக்கு முன்னாடியே தாலாட்டா?"

"ரெண்டு பேரு குந்தினா ஆடாம இன்னா பண்ணும்" என்றார் செக்கிங் அக்கா.

நான் மூலையை மடித்துப் பார்த்தேன். பேஸ்டிங் அக்காவின் சீட்டுக் காலைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டு, உதிர்ந்த தகரத்தின் விளிம்பில் நகம் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஹைவே கறுப்பாக ஓடியது. அதுவரைக்கும் அந்த ஓட்டையில் விழுகிற பொருளாக எனக்குத் தெரிந்தது ஸ்பூன், புளியங்கொட்டை, கம்மர்கட் காகிதம். அன்று முதல்தடவை வேறு ஒன்று தோன்றியது. அவர் பாதங்கள் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தன. வீங்கி, செருப்பு வார் அழுந்திய தடத்தோடு. நான் மூலையை மூடி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வரும்போதும் அப்படியே உட்கார்ந்து வந்தேன்.

ஞாயிறு காலை டிராக்டர் வந்துவிட்டது. அம்மா செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா வேனுக்குள் முட்டி போட்டு விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், பாய் வீட்டுக்கு அழுக்காகக் கொண்டு போகக்கூடாது என்று. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் எத்தனை நாளாகத் தெரியும் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நான் வேனுக்கு அடியில் புகுந்தேன். எருமை நக்கி நக்கி ஓர் இடம் மட்டும் பெயின்ட் போய்ப் பளபளவென்று இருந்தது. என் ஓட்டையைத் தேடி, கையை முழங்கை வரைக்கும் மேலே விட்டேன். விரிப்பை அடியிலிருந்து தள்ளினேன். இரண்டு தடவை. மூன்று தடவை.

மேலே துடைக்கிற சத்தம் நின்றது. பிறகு அப்பாவின் கை தோலோடு சேர்த்து என் விரல்களைப் பிடித்தது. ரொம்ப நேரம் விடவில்லை.

விரிப்பைக் கிழித்து எடுத்தார்கள். பாய் வந்தார். பெண்களும் ஒவ்வொருவராகக் கேள்விப்பட்டு வந்து நின்றார்கள். பாய் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தரையில் குத்தினார், வண்டியைத் தாங்குகிற சேசிஸ் கட்டையில் குத்தினார். போன இடமெல்லாம் ஊறின ரொட்டியில் போகிற மாதிரி உள்ளே போனது. பாய் எழுந்து உட்கார்ந்து, பீடியைப் பற்ற வைக்காமலே கையில் வைத்திருந்தார்.

"என்மேலதான் தப்பு தோஸ்த். பொக வந்துச்சி, பொக வர்ற எடத்தையே பாத்துனு இருந்துட்டேன். இதுல புது என்ஜினு வெச்சா கயிட்டினு ரோட்ல வுழும்."

"தோலு போட்டு மூடித்தான பாய் வெச்சிருந்தோம்" என்றார் அப்பா.

"அதான். இடுக்கெல்லாம் பழைய உப்பு. வாரா வாரம் தண்ணி. காயாம மேல ஒரு மூடி. துரு தின்னுடிச்சி."

செக்கிங் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாங்க தச்சதாலதானாண்ணா?"

"இல்லம்மா. நான் கழுவுனதால."

"நான்தான் பசை நல்லா ஒட்டுனேன்" என்றார் பேஸ்டிங் அக்கா மெதுவாக.

அம்மா டிராக்டர்காரருக்கு டீ கொடுத்து வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பினாள். பிறகு என்னிடம் வந்து கேட்டாள், "எத்தினி நாளா தெரியும்?"

"பொங்கலுக்கு முன்னாலருந்து."

அம்மா கையை ஓங்கினாள். பேஸ்டிங் அக்கா என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். அவருக்கு அன்று தெரிந்ததா, ஸ்பூன் எங்கே போனது என்று? கேட்டதில்லை.

மறுநாள் வேனைக் காயலான் கடைக்குக் கொண்டு போனார்கள். பாய்தான் ஓட்டினார். அப்பாவுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க மனசு வரவில்லை. சீட்டுகளைக் கழற்றிய வேனில் அவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாதான் பாப்ப அதுல?"

"ரோடு."

அப்பா குப்புறப் படுத்து ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். பாய் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். சிவப்பு வந்தது, சரளை வந்தது. பாலத்தில் இரும்பு டக் டக் என்று வெட்டியபோது அப்பா, "பாலாறு" என்றார். பிறகு, "இத்தினி வருசம் இதும் மேலதான் ஓட்னேன், ஒரு நாள் பாக்கல" என்றார். அவர் முகத்தில் கீழேயிருந்து தூசி அடித்துக்கொண்டிருந்தது. காயலான் கடை வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

என்ஜினை மட்டும் அங்கே விடவில்லை. பாய் அதைக் கழற்றி, கலவைப் பக்கம் ஒரு விவசாயிக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கொடுத்தார். புகை விட்டுக்கொண்டே அது பல வருஷம் தண்ணீர் இறைத்ததாகக் கேள்வி.

பெண்கள் பதினாலு பேரும் சேர்ந்து போய்க் கம்பெனி மேனேஜரைப் பார்த்தார்கள். கம்பெனியே வண்டி விடவேண்டும், ஓட்டுகிற ஆள் அப்பாவாக இருக்கவேண்டும் என்று செக்கிங் அக்கா இரண்டு நிபந்தனை வைத்தார். ஒரு மாதம் இழுத்தடித்தார்கள், பிறகு வண்டி விட்டார்கள். அதுவரைக்கும் பெண்கள் ஹைவே வரைக்கும் நடந்து பஸ் ஏறினார்கள். அப்பா முதலாளியிலிருந்து மறுபடி டிரைவர் ஆனார். அதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவின் அறை அந்த ஆனியில் எழும்பியது, ஜன்னலோடு. பேஸ்டிங் அக்காவின் பெண் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று விருந்தாளிகள் படுத்தது அந்த அறையில்தான். அந்தப் பெண் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். என்னை எங்கே பார்த்தாலும் வண்டி நல்லா இருக்கா ஆன்ட்டி என்பாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது.

நான் அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டேன். கம்பெனியில் டேபிள் வேலை, திருப்பூரில் பனியன், ரோடு போடுகிற கூட்டத்துக்குச் சமையல், அப்புறம் இந்த வண்டி. ரோட்டிலேயேதான் இருந்திருக்கிறேன்.

போன வாரம், சொன்னபடியே மறுநாள் ஆற்காட்டு மெக்கானிக் தம்பியிடம் போனேன். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். நம் வயசில் படுப்பது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம். சேசிஸ் முழுக்கத் தட்டினேன். ணங் ணங் என்றது. குத்தினேன், உள்ளே போகவில்லை. எழுந்து வந்து கேபினில் ரப்பர் விரிப்பை மடித்து, பின்னால் மூட்டை போடுகிற இடத்தில் தார்ப்பாயைத் தூக்கி, முட்டி போட்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன்.

"இன்னாம்மா தேடுற?" என்றான் தம்பி.

"ரோடு தெரிதான்னு பாக்கறேன்."

அவனும் குனிந்து பார்த்தான். "எங்கியும் தெரிலயேம்மா."

"அப்போ என்ஜினப் பிரி" என்றேன்.